சிரிச்சுக்கிட்டே போனே

வெண்கலத்துக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று ஒரு காலத்தில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். இடி விழுந்தால் "யாரது?" என்று கேட்கிற ரகம் அவள். ஒரு தடவை எவனோ குடித்துவிட்டு எங்கள் இல்லத்துச் சுவரேறிக் குதித்தான். வாட்ச்மேன் விசிலைத் தேடிக்கொண்டிருந்தார். இவள் தரை துடைக்கிற கட்டையோடு போய், அவனை வந்த வழியே ஏறவைத்து அனுப்பிவிட்டு வந்தாள். குரலும் அதற்குத் தகுந்த மாதிரிதான். மாடியில் ஒரு பிள்ளையை அதட்டினால் கீழே என் சமையலறையில் மூடிகள் அதிரும். வெண்கலம் என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால், வேறு யார், நான்தான்.

அப்படிப்பட்டவள் அந்தத் திங்கட்கிழமை காலையில் கழுவிய தட்டுகளை அடுக்கோடு கீழே போட்டுவிட்டு, குனிந்து பொறுக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

"என்னடி, கையில எண்ணெயா?" என்றேன்.

"அவன் வரானாம்க்கா."

பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. "யாரு வரான்? சுவரேறிக் குதிச்சவனா?"

"உருண்டை."

நான் அடுப்பைக் குறைத்தேன். வேறு எந்தப் பெயரைச் சொல்லியிருந்தாலும் அவளை நன்றாகக் கிண்டல் செய்திருப்பேன். இந்தப் பெயருக்கு எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் இல்லத்தில் பார்க்க ஆளில்லாத பிள்ளைகள் வளர்கிறார்கள். பிள்ளையில்லாதவர்கள் வந்து முறைப்படி தத்து எடுத்துக்கொண்டு போவார்கள். சிலர் வெளிநாட்டிலிருந்து வருவார்கள். சில வருஷம் கழித்து அந்தப் பெற்றோரே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, இதுதான் நீ பிறந்த ஊர், இதுதான் நீ தூங்கின கட்டில் என்று காட்டிவிட்டுப் போவதும் உண்டு. அந்த மாதிரி நாளில் எங்கள் மேடம் திரைச்சீலை எல்லாம் மாற்றச் சொல்லுவார். எனக்குப் புதுக் கரண்டி ஒன்று கேட்டால் மட்டும் அடுத்த மாசம் பார்க்கலாம் என்பார்.

வெண்கலம் இங்கே வந்தது கட்டியவன் வேறொருத்தியோடு போன பிறகு. ஒரு பையோடு வந்து நின்று, "ரெண்டு மாசம் இருக்கேன், அப்புறம் வேற வேலை பாத்துக்குறேன்" என்றாள். அந்த ரெண்டு மாசம் இன்னும் முடியவில்லை. பால்புட்டிகளைக் கொதிநீரில் போட்டு எடுப்பது, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பது, பேன் வாருவது, நகம் வெட்டுவது, சட்டைகள் கலந்துவிடாமல் கழுத்துப் பட்டியில் ஆளுக்கொரு நிற நூலால் முடிச்சுப் போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. பிள்ளைகளுக்கு அவள் பெரியம்மா. எனக்கு உறவெல்லாம் அடுப்போடு சரி. பாசம், கீசம் என்று எவளாவது ஆரம்பித்தால், "போடி, அடிப்பிடிக்குது" என்று விரட்டிவிடுவேன்.

திரும்பி வருகிற பிள்ளைகள் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வருவார்கள். நான் இங்கேயிருந்து போகும்போது எப்படிப் போனேன்? வெண்கலத்திடம் அதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. "சிரிச்சுக்கிட்டே போனே கண்ணு. கையாட்டிக்கிட்டே போனே." எல்லாப் பிள்ளைக்கும் அதே பதில், அதே சிரிப்பு. பாதிப் பிள்ளைகளை அவளுக்கு ஞாபகமே இருக்காது. எத்தனை பேரைத்தான் வைத்துக்கொள்வாள், அவள் மண்டை என்ன கிடங்கா? பெற்றோர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்கள், அவர்கள் மனசும் நோகக் கூடாது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்றால், ஒரு பொய் சொல்லி ஒரு பிள்ளையை நிம்மதியாக அனுப்பக் கூடாதா? நானும் அது சரிதான் என்று நினைத்தேன்.

ஆனால் உருண்டை கதை வேறு. பிறந்து சில நாளில் வந்தான், நெஞ்சு முழுக்கச் சளியோடு. டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். இவள் அவனைத் தொட்டிலில் போடாமல் தன் நெஞ்சிலேயே நிமிர்த்திப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கினாள். பிழைத்துக்கொண்டான். பிழைத்தது மட்டுமா, கன்னமும் வயிறுமாக உருண்டுபோனான். பெயர் அப்படி வந்ததுதான். நெஞ்சுக் கோளாறு என்று கோப்பில் இருந்ததால் எந்தப் பெற்றோரும் அவனைக் கேட்கவில்லை. அவளாகவே மேடத்திடம் போய், "நானே எடுத்துக்கிறேனே" என்றாள். தனி ஆள், சொந்த வீடு இல்லை, இங்கேயே வேலை பார்க்கிறவள் என்று சட்டம் பேசித் திருப்பி அனுப்பினார்கள். பெற்றால் ஒருத்தரும் கேள்வி கேட்க மாட்டார்கள், வளர்க்க ஆசைப்பட்டால்தான் ஆயிரம் கேள்வி.

மூன்று வயது தாண்டியபோது வெளிநாட்டிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அதற்கு முன்பே இங்கிருந்து ஒரு பெண் குழந்தையை எடுத்துப் போனவர்கள், அவளுக்கொரு தம்பி வேண்டும் என்று திரும்ப வந்தார்கள். நெஞ்சுக் கோளாறு இருந்தால் என்ன, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். போகிற அன்று உருண்டை வாசல் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா! பெரியம்மா!" என்று கத்தினான் பாருங்கள், எதிர்வரிசைக் கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். விரல் விரலாகப் பிரித்தெடுத்துத்தான் வண்டியில் ஏற்றினார்கள். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். வெண்கலம் துணி துவைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள் சாயங்காலம்தான் வெளியே வந்தாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது அவனுக்குப் பத்து வயதாம். சனிக்கிழமை வருகிறானாம்.

"அவ்ளோ கத்தினான்க்கா. நான் போகல. அது அவனுக்கு ஞாபகம் இருந்துச்சுன்னா?"

"மூணு வயசுல என்னடி ஞாபகம் இருக்கும்? எனக்குக் காலையில உப்புப் போட்டேனாங்கிறதே ஞாபகம் இல்ல."

"ஏன் வரலைன்னு கேட்டான்னா நான் என்னக்கா சொல்வேன்?"

"கேட்க மாட்டான். போய் வேலையப் பாரு."

சொல்லிவிட்டேனே தவிர எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று மூன்று வயதிலேயே தெரிந்து வைத்திருந்த பயல் அவன். நான் டப்பாவை இடம் மாற்றினால் அதையும் கண்டுபிடிப்பான். அவனா மறப்பான்?

அந்த வாரம் அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை. சோற்றில் கை வைப்பாள், பிசைவாள், அப்படியே எழுந்துவிடுவாள். ரவிக்கைக் கொக்கியை மாற்றிப் போட்டுக்கொண்டு திரிந்தாள். குரலே இல்லை. மேலே அவள் இருக்கிறாளா இல்லையா என்று நான் படியேறிப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. வாசலில் எந்த வண்டி நின்றாலும் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். காய்கறி வண்டிக்குக்கூட.

புதன்கிழமை மேடம் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "சந்தோஷமா பேசுங்க. அழுமூஞ்சிக் கதை எதுவும் வேண்டாம். எப்பவும் சொல்றதையே சொல்லுங்க. பெத்தவங்க மனசு கஷ்டப்பட்டா அப்புறம் நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றார். கடைசி வாக்கியத்தை வெண்கலத்தைப் பார்த்துச் சொன்னார். வேலை போனால் இவளுக்குப் போக்கிடம் ஏது? படுக்கிற அறையும் இங்கேதான்.

மறுநாள் அது நடந்தது. மாடியிலிருந்து ஒரு குழந்தை வீரிட்டது. பசிக்கு அழுகிற அழுகை இல்லை அது. நான் கரண்டியோடு ஓடினேன். வெண்கலம் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை, உதடெல்லாம் சிவந்து துடிக்கிறது. சூடு பார்க்காமல் கொடுத்துவிட்டாள்! இத்தனை வருஷத்தில் ஒரு நாள் மறக்காதவள். நான் குழந்தையைப் பிடுங்கிக் குளிர்ந்த தண்ணீரால் துடைத்தேன். நல்லவேளை, கொப்புளம் எதுவும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் இன்னும் அந்தப் புட்டியை விடவில்லை. ஒரு மனுஷிக்குப் பயத்தில் பல் கிட்டிப்போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கே பயமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் அறைக்குப் போனால், பையில் புடவைகளை அடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"எங்கடி கிளம்பிட்டே?"

"தங்கச்சி வீட்டுக்கு. ரெண்டு நாள். உடம்பு சரியில்லைன்னு மேடத்துக்கிட்ட சொல்லிடுக்கா."

எனக்கு வந்ததே கோபம்! பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கொட்டினேன். "அன்னிக்கு நீ உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டே. சரி, உன் நெஞ்சு தாங்கல, விட்டுடலாம். இப்போ கடல் தாண்டி வரான் பிள்ளை. இன்னிக்கும் ஓடினேன்னா, அப்புறம் அவனுக்கு ஞாபகம் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். உனக்கு இருக்கும்டி. செத்தாலும் போகாது!"

அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. எனக்கு அது வராது. கொட்டின புடவைகளை மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலையில் வந்துவிட்டார்கள். அந்த அம்மா இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, வேலைக்காக வெளிநாடு போனவர். வீட்டில் நம் பேச்சுத்தான் பேசுவார்களாம், மகள் நன்றாகவே பேசினாள், ராகம் மட்டும் வேறு. அந்த ஐயா கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பேசாமல் பின்னால் வந்தார். பெண்ணுக்குப் பதின்மூன்று இருக்கும், எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். உருண்டை என்று நாங்கள் சொன்ன பயல் ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்திருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் கவனித்தது வேறொன்று. அந்த அம்மா பையனின் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவே இல்லை. படியில், வராந்தாவில், அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபோதும் விடவில்லை. விரல் எல்லாம் வெளுத்திருந்தது. இவருக்கு என்ன பயம் என்று எனக்குப் புரியவில்லை.

குழந்தைகள் அறைக்குள் வந்தார்கள். மேடம் கட்டில்களைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் வெண்கலம், மடித்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஓடிவிடாமல் கதவை அடைத்துக்கொண்டு நான் நின்றேன்.

மேடம் அவளைக் காட்டி, "இவங்கதான் அப்போ உங்களைப் பாத்துக்கிட்டவங்க" என்றார். பெண் நேரே அவளிடம் போனாள்.

"ஆன்ட்டி, நான் இங்கேயிருந்து போறப்போ எப்படிப் போனேன்?"

மேடம் பார்த்துக்கொண்டிருக்க, வெண்கலம் தயாராக வைத்திருந்த பதிலையே சொன்னாள். "சிரிச்சுக்கிட்டே போனே கண்ணு. கையாட்டிக்கிட்டே போனே."

இதைக் கேட்டால் பிள்ளைகளுக்கு முகம் மலரும். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். இந்தப் பெண்ணுக்கு மலரவில்லை. அவள் கட்டில் கம்பியை விரலால் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"யாருமே அழலையா?"

வெண்கலம் கையிலிருந்த துணியை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"நான்கூட அழலையா? அப்போ இங்கே என்னை யாருக்கும் பிடிக்கலையா? எனக்கும் யாரையும் பிடிக்கலையா?"

எனக்குச் சுரீரென்றது. இத்தனை வருஷமாக முகம் மலர்ந்து போன பிள்ளைகளில் எத்தனை பேர் இதையே நினைத்துக்கொண்டு வண்டி ஏறினார்களோ? பதறி என்ன பண்ண, வெண்கலம் அந்தத் துணியை மறுபடி பிரிக்கத் தொடங்கிவிட்டாள். மேடம், "வாங்க, தோட்டம் பாக்கலாம்" என்று சிரித்தார். ஒருவரும் நகரவில்லை.

அப்போதுதான் பையன் வாய் திறந்தான். அவன் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னான்.

"எனக்கு ஒரு கனவு வரும். நான் கத்திக் கூப்பிடுவேன். யாரைன்னு தெரியல. அவங்க வரவே மாட்டாங்க. அம்மா அது வெறும் கனவுதான்னு சொல்றாங்க."

அந்த அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. வெண்கலத்தின் முகத்திலும் இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பயந்த இரண்டு பேர் ஒரே சந்தில் எதிரெதிரே மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். சொல்லிடாதேடி, வேலை போயிடும் என்று ஒரு மனசு. சொல்லித் தொலையேன்டி பாவி என்று இன்னொரு மனசு.

வெண்கலம் துணியைக் கீழே வைத்தாள்.

"கனவு இல்ல ராசா," என்றாள். "என்னைத்தான் கூப்பிட்டே."

பையன் நிமிர்ந்தான். "நீங்க ஏன் வரல?"

அவள் ஒரு வாரமாகச் செத்துச் செத்துப் பிழைத்தது இந்த ஒரு கேள்விக்குத்தான். அது வந்தேவிட்டது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். விழுந்துவிடுவாளோ என்று நான் ஓரடி வைத்தேன்.

"வந்திருந்தா உன்னை விட்டிருக்க மாட்டேன்டா."

அவன் அதை யோசித்தான். பத்து வயதுப் பையன் அவ்வளவு நேரம் யோசித்து நான் பார்த்ததில்லை. பிறகு, "நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றான்.

"கேட்டுச்சு. கேட்கக் கூடாதுன்னு காலி வாஷிங் மிஷினை ஓடவிட்டு, அது மேலயே தலைய வச்சுக்கிட்டு நின்னேன். அதையும் மீறிக் கேட்டுச்சு. நானும் கத்தினேன். உனக்குத்தான் கேட்கல."

"ஓ," என்றான் அவன். அவ்வளவுதான். ஆனால் அவன் தோள் இறங்கியது. அம்மாவின் பிடியிலிருந்து கையை மெதுவாக உருவிக்கொண்டு போய், அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவளைத் தொடவில்லை. சும்மா உட்கார்ந்தான். வெண்கலமும் அவனைத் தொடத் துணியவில்லை.

மேடம், "மன்னிச்சுடுங்கம்மா, இவங்க ஏதோ..." என்று அந்த அம்மாவிடம் ஆரம்பித்தார்.

"அவங்க சொன்னது நிஜம்," என்றார் அந்த அம்மா. "வழியெல்லாம் கத்தினான். விமானத்துல கத்தினான். வீட்டுக்கு வந்து ஒரு மாசம் கத்தினான். நான்தான் கனவுன்னு சொல்லிவச்சேன். பிடுங்கிட்டு வந்துட்டேன்னு தெரிஞ்சா என்னை வெறுத்துடுவான்னு பயம். இங்கே வந்ததும் திரும்ப வர மாட்டேன்னு சொல்லிடுவானோன்னு... நேத்திலேர்ந்து எனக்கு மூச்சே வரல."

இவரும்தானா! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒருத்தி இங்கே தட்டைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறாள், ஒருத்தி அங்கே மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறாள். நடுவில் பிள்ளைகள் இரண்டும் உண்மை தெரியாமல் தவித்திருக்கின்றன.

பெண் கட்டில் பக்கத்திலேயே நின்றாள். எல்லோரும் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் வெண்கலத்திடம், "அப்போ எனக்குச் சொன்னது?" என்றாள்.

வெண்கலம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொய் கண்ணு. எல்லாருக்கும் சொல்ற பொய். உன்னை எனக்கு ஞாபகமே இல்ல. நீ எப்படிப் போனேன்னு எனக்குத் தெரியாது. என்னை மன்னிச்சுடும்மா."

பெண்ணின் உதடு துடித்தது. போச்சு, ஒரு பிள்ளையைத் தேற்றி இன்னொரு பிள்ளையை உடைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும்," என்றார் அந்த அம்மா.

சட்டைக் கையைத் தோள்வரை ஏற்றினார். மேல்கையில், வெள்ளையாக, சின்னச் சின்னப் பற்கள் பதிந்த ஒரு வளைவு இருந்தது.

"நாய் கடிச்சதுன்னு சொன்னீங்க!" என்றாள் பெண்.

"நீ கடிச்சது. அந்த வாசல்லேர்ந்து வண்டி வரைக்கும் கடிச்ச வாயை எடுக்கவே இல்ல. போக மாட்டேன், போக மாட்டேன்னு உடம்பெல்லாம் சொன்னே. உனக்கு இந்த இடத்தை அவ்ளோ பிடிச்சிருந்துச்சு. யாரை விட்டுட்டு வந்தியோ, அது எனக்குத் தெரியல. ஆனா யாரையோ விட முடியாமத்தான் வந்தே."

பெண் பக்கத்தில் வந்தாள். அந்தத் தழும்பைக் குனிந்து பார்த்தாள், விரலால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டாள்.

"ரத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"இவ்ளோ பலமா கடிச்சும் என்னைக் கீழ போடலையா?"

"போடல," என்றார் அந்த அம்மா.